இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவே

முப்பத்தொரு வருடம்
ஹாப்சலுவிலிருந்து தாலினுக்கு
காலை ஆறு பத்து பேருந்தை எடுத்தவள் நான்.
இப்போதும் அதற்கு முன்னால் விழிப்பு வந்துவிடுகிறது.
எதிரே பேருந்து நிலையத்தில்
யாரோ ஒரு பையன்
என் வண்டியின் முன்கண்ணாடியில்
பனியைச் சுரண்டிக்கொண்டிருக்கிறான்.
மூலையை விட்டுவிடாதே தம்பி
என்று ஜன்னலுக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு
மறுபடி படுத்துக்கொள்கிறேன்.
ஓய்வு என்பது
இந்த மறுபடிதான்.

டிசம்பரில் வெளிச்சம்
ஒன்பதுக்கு மேல் வந்து
மூன்றரைக்குள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடும்.
அதற்குள் எனக்கு எவ்வளவு வேலை!
திங்கள்கிழமை நீச்சல் குளம்.
லெய்தா நீந்துவதில்லை,
விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசுவாள்.
புதன்கிழமை ஹெல்துர் வீட்டுச் சௌனா.
பிர்ச் இலைக்கட்டால் முதுகில் அடித்துக்கொண்டு
செத்துப்போனவர்களைப் பற்றியும் புறம் பேசுவோம்.
ஒரு சனிக்கிழமை பார்னுவில் நாடகம்;
இரண்டாம் காட்சியில் மூவரும் தூங்கிப்போய்
கைதட்டலுக்கு எழுந்து
எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினோம்.

தாம்பெரேயிலிருந்து மகன் கேட்கிறான்:
தனியாகப் பொழுது போகிறதா அம்மா?
அது எங்கே என்னிடம் நிற்கிறது.

பிப்ரவரியில் கடல் உறைந்தது.
ஏழு வருடத்துக்குப் பிறகு
ஹீயுமா தீவுக்குப் பனிச்சாலை திறந்தார்கள்.
வானொலி சொல்லி முடிப்பதற்குள்
ஹெல்துர் காரைக் கிளப்பிவிட்டான்.
வண்டிக்கு எடைக் கட்டுப்பாடு உண்டு என்றதும்
லெய்தா தன் பையைத் திறந்து
ஒரே ஒரு ஆப்பிளை வெளியே வைத்தாள்.
வைகேவுக்கு இடுப்பெலும்பு மாற்றியிருக்கிறது, வரவில்லை.
படம் அனுப்புங்கள் என்றாள்,
கடலை வேண்டாம், சாப்பாட்டை.

கரையில் ஒரு காவலர்
தலைகளை எண்ணிக் குறித்துக்கொண்டார்.
பட்டையை அவிழ்த்துவிடுங்கள் என்றார்.
முப்பத்தொரு வருடமாக நான்
போடுங்கள் போடுங்கள் என்று கத்தியதை
ஒரே வார்த்தையில் அவிழ்த்துவிட்டார்.
வழியில் நிற்கக் கூடாது.
இருபத்தைந்துக்குக் கீழே போகலாம்,
நாற்பதுக்கு மேலே போகலாம்,
நடுவில் மட்டும் கூடாது.
அந்த வேகத்தில்தான்
அடியில் ஓடும் அலை காரோடு சேர்ந்துகொண்டு
பனியை உடைக்குமாம்.

ஜூனிப்பர் கிளைகள் நட்டு வைத்த வழி.
இரண்டு பக்கமும் வெள்ளை.
ஹெல்துர் இருபதில் ஊர்ந்தான்.
பக்கத்து இருக்கையில்
என் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது.

பாதிக் கடலில் லெய்தா பின்னாலிருந்து சொன்னாள்:
எனக்கும் அப்படித்தான்,
இருபத்தைந்துக்கும் நாற்பதுக்கும் நடுவேதான்
எல்லாம் உடைந்தது.
ஹெல்துர் சிரித்தான்.
கொஞ்ச தூரம் போய்
எனக்கும், என்றான்.
நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
கல்யாணம் இருபத்தாறில்.
முப்பத்தொன்பதில்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் ஏறியது
என் பேருந்தில்தான்;
சீட்டு கிழித்துக் கொடுத்தேன்,
மீதிச் சில்லறையும்.
இதை இவர்களிடம் சொன்னதில்லை.
அன்றும் சொல்லவில்லை.
அடியில் எங்கோ தொலைவில்
பனி ஒருமுறை முனகியது.

தீவில் சூடான பட்டாணி சூப்,
புகைபோட்ட மீன்,
வைகேவுக்கு ஆறு படம்.
திரும்பும்போது ஹெல்துர்
கேட்காமலே சாவியை நீட்டினான்.

பின்னால் மணி அடிக்க யாருமில்லை.
நிறுத்தம் இல்லை, நேர அட்டவணை இல்லை.
இருபதில் கொஞ்ச நேரம் போனேன்.
பிறகு
அந்த நடுப்பகுதியை ஒரே மிதியில் தாண்டி
அறுபதுக்குப் போனேன்.
லெய்தா அலறினாள்,
மெதுவாகப் போ என்று அல்ல.

கரையில் அதே காவலர்.
எத்தனை பேர் திரும்பினீர்கள்?
மூன்று பேர், ஒரு மீன் என்றாள் லெய்தா.
அவர் மூன்று என்று மட்டும் எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் ரீகா போகிறோம், பேருந்தில்.
ஓட்டுநருக்குப் பின்னால்
முதல் இருக்கை எனக்கு.
வளைவுகளில் வாயைத் திறக்க மாட்டேன் என்று
இருவருக்கும் சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன்.
அவர்கள் நம்பவில்லை.