மூன்றாம் மாடிக்கு ஒரு விதி

வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
எங்கள் தொடர்மாடி. முப்பத்தாறு வீடு.
தண்ணீர் மோட்டருக்குப் பக்கத்தில், மீற்றர் பெட்டிகளின் கீழ்
மூடி கழன்ற ஒரு பழைய கணினி.
அதற்கு லினக்ஸ் போட்டது நான்.
இரண்டு நெற்வேர்க் காட்:
ஒன்று உள்ளே பார்க்கும், மற்றது வெளியே.
ரயில் போகும்போது கேபிள்கள் இலேசாக நடுங்கும்.

முப்பத்தாறு வீடும் வெளியே போவது
ஒரே முகவரியில்.
எவர் எந்தக் கதவிலிருந்து வந்தார் என்று
வாசலுக்கு அப்பால் கேட்பாரில்லை.
இதே காலி வீதியில் அப்பாவை பஸ்ஸால் இறக்கி
பெயர் கேட்டு, ஊர் கேட்டு,
பொலிஸ் பதிவுத் துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர்கள்
ஞாபகத்துக்கு வருவார்கள்
மாஸ்கரேட் என்று நான் தட்டச்சும் ஒவ்வொரு தடவையும்.

பின்னேரம் ஏழு மணியானால் சண்டை.
ஐந்தாம் மாடி ஃபர்ஹான் விளையாட்டு இறக்குவான்,
லியனகே மிஸ்ஸின் ரியூசன் வகுப்பு
வாயைத் திறந்தபடி உறைந்துபோகும்.
எல்லோரும் எனக்குத்தான் கோல் எடுப்பார்கள்.

பங்கீடு எழுதினேன்.
பெற்றோல் வரிசையில் படுத்தெழும்பிய ஊருக்குப்
புதிய கணக்கில்லை:
கிழமைக்கு இவ்வளவு லீற்றர், கியூஆர் காட்டினால் அடிப்பார்கள்,
முடிந்தால் அடுத்த கிழமை.
ஒரேயொரு வித்தியாசம். இங்கே
பக்கத்து வீடு தூங்கினால் அதன் பங்கைக் கடனாக எடுக்கலாம்,
அது எழும்பினால் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும்.
முதலில் குரல்.
பிறகு வகுப்பும் வேலையும்.
கடைசியில் வீடியோ,
அதற்கும் பின்னால் ஃபர்ஹான்.

வருவதை என்னால் மறிக்க முடியாது.
கைக்கு வந்ததை
யாருக்கு முதலில் நீட்டுவது என்பதுதான் என் அதிகாரம்.
வரிசையை நீளவிட்டால் எல்லோரும் பிந்துவார்கள்,
ஆகவே சிலதை முன்கூட்டியே கைவிட வேண்டும்,
சத்தமில்லாமல்.
அனுப்பியவன் மறுபடி அனுப்புவான், கொஞ்சம் மெதுவாக.
அனுபவப்பட்டவனைப் போல.

கார்த்திகை மழை. இரவு ஒன்பதரை.
"பிள்ளை, ஒருக்கா பாருங்கோ.
முகம் கட்டம் கட்டமாய் வருது."
மூன்றாம் மாடி இராசமலர்.
ஸ்காபரோவில் காலை பதினொன்று. பெட்டிக்குள் தம்பி.
விசா மறுத்துவிட்டார்கள், திரையால் போயிருக்கிறார்.
அது வீடியோ.
என் பட்டியலில் கடைசி.

மூன்றுக்கும் நாலுக்கும் இடையில் படியில் குந்தி
மடிகணினியைத் திறந்தேன்.
ஒரு புது வகுப்பு, எண் முப்பத்தொன்று.
அவருடைய முகவரிக்கு மட்டும்
குரலுக்கும் மேலே ஓர் இடம்,
உச்சவரம்பு: முழுக் குழாயும்.
என்ரர் தட்டிய கையோடு
மேலேயிருந்து ஃபர்ஹானின் கத்தல்.
கீழேயிருந்து கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு அழுகை,
எங்கும் தடைப்படாமல்.

விடிந்ததும் அந்த விதியை அழிக்க நினைத்திருந்தேன்.
மறந்துபோனேன்.
தை மாதம் கணக்குப் பார்த்தபோது
முப்பத்தொன்று பூச்சியத்தில் கிடக்கும் என்றிருந்தேன்.
இல்லை.
அநேகமாக ஒவ்வோர் இரவும், ஒன்பதரை தாண்டி,
கிட்டத்தட்ட ஒரே எடை:
நானூறு மெகாபைட், சில நாள் அரைவாசி.
என்னவென்று பெட்டிக்குத் தெரியாது.
உறை ஒட்டித்தான் வரும், நிறுக்க மட்டும்தான் முடியும்.

குடியிருப்பாளர் கூட்டத்தில் செயலாளர் ரட்ணவேல் கேட்டார்,
மூன்றாம் மாடிக்கு மட்டும் ஏன் கூட?
தொழில்நுட்பக் காரணம் என்றேன்.
அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்கள்.
இராசமலர் வந்திருக்கவில்லை.
வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே ஃபர்ஹான் சொன்னான்,
என்னைப் பாராமல்:
"அந்த நேரம் நான் சாப்பிடப் போயிருவன், அக்கா."