ஐம்பது காசு

கையுறை ஆலையில் எனக்கு
ஓட்டை தேடுகிற வேலை.
ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டு
இரண்டு நிமிடம் விரல்களையே பார்த்திருப்பேன்.
வியர்க்காத விரல் தேறும்.
பதினாறு வருடம் இப்படி.
ஆகவே வீடு வாங்கலாம் என்று குணாளன் சொன்னபோது
நான்தான் பார்ப்பேன் என்றேன்.

அவர் தன் பங்குக்கு
சட்டைப்பையில் ஓர் ஐம்பது காசோடு வந்தார்.
தரையோட்டைத் தட்டினால்
அடியில் காற்றிருப்பதைச் சொல்லிவிடுமாம்,
லாரிப் பட்டறையில் யாரோ சொன்னது.

முதலில் புதுசு.
கோலக்கெட்டில் பஜாரைத் தாண்டி,
முந்தின வருடம் வரை செம்பனை நின்ற மேட்டில்
எழுபத்திரண்டு வீடு, ஒரே முகம்.
மாதிரி வீட்டில் ஏர்கோன் ஓடியது.
கூடையில் பிளாஸ்டிக் ஆரஞ்சு.
முப்பத்தைந்து வருடக் கடன் என்றான் கெல்வின்.
என் வயதைச் சொன்னேன்.
அப்படியென்றால் இருபத்தெட்டு என்று திருத்திக்கொண்டான்.
அது முடியும்போது எனக்கு எழுபது.

தர்ஷாயினி அதற்குள் மாடியில்.
"அம்மா, இங்க கதவு மூடுது!"
வாடகை வீட்டில் அவளுக்கு இருப்பது
ஒரு திரைச்சீலை.
அந்தக் குரல் எனக்குள் வந்து
நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டது.

குணாளன் மண்டியிட்டுத் தட்டினார்.
டக். டக். டக். டொப்.
"இது மாதிரிக்குத்தான் பாங்," என்றான் கெல்வின்.
மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்
என்று கேட்டேன்.
கையேட்டைப் புரட்டினான்.
அதில் எல்லாப் பக்கமும் வெயில்.

பழையது பஜாருக்குப் பின்னால்,
ஹோ அங்கிளின் வீடு.
தோட்டத்துக்காரர்களுக்கு நாற்பது வருடம் மளிகை விற்றவர்;
கடன் வசூலித்த தமிழ் இன்னும் நாக்கில் இருக்கிறது.
"பாத்துக்க தங்கச்சி," என்று அவராகவே தொடங்கினார்.
"இங்க கறையான். மருந்து அடிச்சேன், மறுபடி வரும்.
இங்க ஒழுகும், பெரிய மழைக்கு மட்டும்."
சுவரில் கணுக்கால் உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு,
பக்கத்தில் பென்சிலால் ஒரு வருடம்.
சற்று மேலே இன்னொரு கோடு, இன்னொரு வருடம்.
பெயிண்ட் அடித்திருக்கலாமே என்றேன்.
"அப்புறம் என் கடைக்கு வந்து ஏசுவ."
கடை மூடி ஆறு வருடமாகிறது.

கடன் பதினெட்டு வருடம்தான்.
கூரைக்கும் ஒயருக்கும் முப்பதாயிரம் வெள்ளி தனி,
அது என் சேமநிதியைச் சுரண்டும்.
இரண்டாவது அறையில் தராசும் சாக்குகளும்.
ஈரத்தில் ஊதிய கதவைத்
தர்ஷாயினி தோளால் தள்ளினாள்,
பாதியில் நின்றது.
என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

குணாளன் காசை எடுத்தார்.
தட்ட ஓடில்லை, சிவப்பு சிமெண்டுத் தரை.
எடுத்த கை சும்மா இருக்குமா, நழுவியது.
விழுந்த காசு படுக்கவில்லை.
நிமிர்ந்து ஓடியது கூடத்தைக் கடந்து;
சமையலறை வாசலில் கொஞ்சம் யோசித்து
பலகை அலமாரிக்கு அடியில் போய்விட்டது.

"தரை அந்தப் பக்கம் சாயுது,"
விட்டுப்போன குற்றத்தைச் சேர்ப்பவர்போலச் சொன்னார் ஹோ.
"தண்ணியும் அப்படித்தான் போவும்."

குணாளன் கைவிட்டுத் துழாவினார்.
எட்டவில்லை.

அன்று எனக்கு இரவு வேலை.
வரிசையாகக் கைகள் தொங்கின,
விரலுக்குள் தண்ணீரோடு.
தேறியவற்றை எண்ணிப் பெட்டியில் போட்டேன்.
தேறியது என்றால்
இரண்டு நிமிடம் ஒழுகவில்லை, அவ்வளவுதான்;
அதற்குமேல் எந்தக் கைக்கும் நான் பொறுப்பில்லை.

தர்ஷாயினி இரண்டு நாள் பேசமாட்டாள்.
மூன்றாகவும் ஆகலாம்.
விடியுமுன் குணாளனுக்கு ஒரு வரி அனுப்பினேன்:
இழைப்புளி யாரிடம் இருக்கிறது?

அலமாரியையும் சேர்த்தே விலை பேசவா
என்று பதில் வந்தது.