இல்லை என்று எழுதுவது

வெள்ளம் வடிந்த ஷிரே ஆற்றங்கரையில்
எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே பெயர்: மலுங்கோ.
வரிசையில் நிற்பவர்கள் அதைச் சொல்லி முனகுகிறார்கள்.
மருத்துவ அலுவலர் கலேட்டாவும் அதையே
சீட்டில் எழுதி அனுப்புகிறார்
கேள்விக்குறி போடாமல்.

இன்று முப்பத்தேழாவது சீட்டு:
யமிக்கானி, ஆண், வயது நான்கு.
மோதிர விரலைத் துடைத்துக் குத்தினேன்.
அழவில்லை.
அதை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

அட்டைச் சோதனையில் பதினைந்து நிமிடத்தில்
இரண்டு சிவப்புக் கோடு.
அதைப் படிக்க அவன் தாய் தொரிக்காவுக்குத் தெரியும்,
நிசான்ஜேயில் எல்லாத் தாய்க்கும் தெரியும்.
"இருக்கிறது பார்" என்றாள், கொஞ்சம் நிம்மதியாக.
பெயர் தெரிந்துவிட்டால் பாதி நோய்தான்.

மூன்று வாரம் முன்பும் அவனுக்கு வந்திருக்கிறது,
மாத்திரை தின்று தீர்ந்திருக்கிறது.
இந்த அட்டையோ
கடன் அடைந்த பிறகும் கணக்கைக் கிழிக்காத
கடைக்காரன்.

ஆகவே கண்ணாடித் தகடு.
தடித்த சொட்டு ஒன்று, மெல்லிய பூச்சு ஒன்று.
ஜீம்சா சாயத்தைக் காலையில்தான் வடிகட்டியிருந்தேன்;
படிந்த சாயத்துகளை ஒட்டுண்ணி என்று எண்ணி
ஏமாந்த வருஷம் ஒன்று உண்டு எனக்கு.
தகடு உலரும்போது மின்சாரம் போனது.
நுண்ணோக்கியின் பழைய ஆடியைப் பொருத்தி
ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
எண்ணெய்ச் சொட்டுக்குள் வெயில் வந்து உட்கார்ந்தது.

ஆம் என்று எழுத
ஒரேயொரு மோதிரம் போதும்:
நீல வளையம், அதில் சிவப்புக் கல்.
இல்லை என்று எழுத
நூறு புலம் நடக்க வேண்டும்,
ஒன்றும் விளையாத நூறு புலம்.

நாற்பதில் ஒரு சந்தேகம். பிளேட்லெட்.
எழுபத்தொன்றில் என் இமைமயிர்.
நூறில் எதுவுமில்லை. இருநூறு வரை போனேன்.
வெள்ளணுக்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன
புலத்துக்குப் புலம் கூட்டமாய்,
எங்கோ தீப்பிடித்த தெருவுக்கு
ஓடுகிறவர்கள் போல.

முடிவை ஜன்னல் வழியே நீட்டுவதுதான் வழக்கம்.
இன்று எழுந்து போனேன்.
"அட்டை ஆம் என்கிறதே, ஃபைனேசி?"
கலேட்டாவின் கையில் ஊசி தயாராக இருந்தது.
அட்டை சொல்வது பழைய கதை,
கழுத்தைப் பாருங்கள் என்றேன்.
அதைச் சொல்வது என் வேலையில்லை.

அவர் பையனின் தலைக்கடியில் கை கொடுத்துத் தூக்கினார்.
தலையோடு முதுகும் எழுந்தது
ஒரே பலகையாய்.

அரைமணியில் என் மேசைக்கு வந்தது ஒரு சிறு குழாய்.
முதுகுத்தண்டு நீர். தெளிந்திருக்க வேண்டியது
சோளமாவு அளைந்த கையைக் கழுவியது போலிருந்தது.

தொரிக்கா வாசல்வரை வந்துவிட்டாள்.
"மலுங்கோ இல்லையா?"
இல்லை.
"அப்படியானால் என்ன?"
அவள் முகத்தை நான் பார்க்கவில்லை.
புதுத் தகடு ஒன்றைத் துடைத்தேன்,
ஏற்கெனவே துடைத்திருந்த தகடுதான்.