ஏற்காட்டில் மழை

ஆறு நாள் கொலுசுப் பட்டறை.
ஊதுகுழல், பொடி, கண்ணெரிச்சல்.
சலங்கை சலங்கையாய்ப் பற்றவைத்துப் பற்றவைத்து
குனிந்தபடியே உறைந்துவிட்ட கழுத்து.
ஏழாம் நாள்தான் எனக்கு ஆறு.

திருமணிமுத்தாறு என்றால்
சேலத்தில் மூக்கைப் பிடிப்பார்கள்.
நானும் பிடித்தவள்தான்.
உத்தமசோழபுரம் தாண்டி
அர்த்தநாரியின் குச்சிக்கிழங்குக் காட்டை ஒட்டி
மனை எண் பதினேழுக்குக் குடிவந்த புதிதில்
மேற்குச் சன்னலைத் திறந்ததே இல்லை.

இன்றைக்கு மூன்றரை மணிக்கு
மாதேசின் போன்.
மலைப்பாதையில் பஸ் ஓட்டுகிறவன்
பதினாலாவது கொண்டை ஊசி வளைவில்
ஓரம் கட்டிவிட்டுப் பேசுகிறான்:
"அக்கா, கொட்டுது. வைப்பரே தோத்துப்போச்சு.
தண்ணி கெளம்பிருச்சு. சேரைப் போடு."

இங்கே பேருக்கு ஒரு மேகம் இல்லை.
கொடியில் துணி மொடமொடத்துக் காய்கிறது.
ஆனாலும் தெரு முழுக்கச் செய்தி போய்விட்டது.
நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள்
ஆள் தலையில் கவிழ்ந்து
சோளத்தட்டைக்கு நடுவே ஊர்வலம் போகின்றன.
உருக்காலையில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவர்
தூக்கம் கலையாத கைலியோடு வருகிறார்.
சாபிரா ஒரு தூக்கு நிறைய டீயும்
எப்போதும் போல்
இரண்டு குறைவான டம்ளர்களும்.

கரையில் கிடந்த ஹோஸை மேலே இழுத்துப் போட்டுவிட்டு
அர்த்தநாரி நாலு கிழங்கு பிடுங்கி வருகிறான், மண்ணோடு.
ஆறு வரட்டும் கழுவிக்கலாம் என்கிறான்.
"குழாய்ல கழுவுடா சாமி!"
ஐந்து பேர், ஒரே குரல்.

ஐந்து மணிக்கு மேல் படுகையில்
குழந்தைகள் நிற்கக் கூடாது.
இருக்கிற சட்டம் அது ஒன்றுதான்.
அதுவரை காய்ந்த மணலில் பூப்பந்து,
இரண்டு கல்லுக்கு நடுவே கற்பனை வலை.
கல்மேல் நிற்கும் கொக்கு
நடுவர் மாதிரி
இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்க்கிறது.

பந்தயம் ஒரு தேங்காய்.
நான் ஐந்தே முக்கால் என்றேன்.
சாபிரா ஆறு பத்து.
உருக்காலைக்காரர் கணக்குப் போட்டு,
மழை அளவு, வாட்டம், வழியில் அடைத்த குப்பை எல்லாம் கூட்டி
ஆறு இருபத்திரண்டு என்றார்.

பேச்சு தீர்ந்து போனது ஒரு கட்டத்தில்.
வெந்த கிழங்கின் ஆவி.
அறுத்துப் போட்ட தீவனப்புல்லின் பச்சை வாசம்.
கஞ்சமலைக்குப் பின்னால் வெயில்
மெதுவாக, யாரும் துரத்தாமல், இறங்குகிறது.
ஒரு வாரத்தில் முதல் தடவையாக
கைக்கெட்டாத ஒன்றைப் பார்க்கிறேன்.

முதலில் ஆள்காட்டிக் குருவி கத்தியது.
பிறகு நாற்றம்,
கொண்டலாம்பட்டியைக் கடந்து வந்தது.
பிறகு சத்தம்: தகரத்தில்
யாரோ சவ்வரிசியைக் கொட்டுகிற மாதிரி.
கொக்கு கல்லைக் காலி செய்தது.

ஒரு பழுப்பு நாக்கு
கல்லை முகர்ந்து, சுற்றிக்கொண்டு, ஏறி வந்தது.
முன்னால் தெர்மாகோல். ஓர் இடது கால் செருப்பு.
கோயிலோ சாவோ தெரியாத ஒரு செவ்வந்தி மாலை.
நுரை, நுரை, நுரை.
கொஞ்ச நேரம் கழித்துத்தான்
அடியில் செம்மண் நிறம் தெரிந்தது.
சில்வர் ஓக் கிளை ஒன்று சுழன்று போனது.
மலையில் முறிந்ததா,
யார் வீட்டுக் காம்பவுண்டிலோ.
மலையில் என்றே வைத்துக்கொண்டோம்.

யாரும் கால் நனைக்கவில்லை.
அந்த அளவுக்கு அறிவு உண்டு எங்களுக்கு.
ஆனால் யாரும் மூக்கைப் பிடிக்கவும் இல்லை.

மணி ஆறு எட்டு.
தேங்காயைச் சாபிரா
மடியில் வைத்துக்கொண்டாள், பிள்ளையைப் போல.

இருட்டிய பிறகு மாதேஸ் மறுபடி:
"வந்துச்சாக்கா?"
பதில் சொல்லாமல்
போனை ஆற்றுப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.
கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன்.
அந்தப் பக்கமிருந்து
பயணிகள் யாரோ "வண்டிய எடுப்பா" என்கிற சத்தம்.
"இருங்க" என்றான் அவன்,
"இருங்க, இப்பதான் வருது."