அறுபத்து மூன்றாவது படம்

பெங்காலான் வெல்டில் ஒரு சரக்குக் கப்பல் கம்பெனி,
மூன்றாவது மாடி.
என் கீபோர்டில் எஃப் பன்னிரண்டுக்குப் பக்கத்துப் பொத்தானில்
ஏழு வருடம்
தூசியைத் தவிர யாரும் உட்கார்ந்ததில்லை.

பிப்ரவரியில்தான் கவனித்தேன்.
வெள்ளிக்கிழமை இரவு ஒன்பது பத்து என்று
நான் அடித்துவிட்டுப் போன நேரம்
திங்கட்கிழமை பார்த்தால் ஆறு மணி.
மாலை ஆறு. நல்ல பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் நேரம்.
"சிஸ்டம் அப்படித்தான்" என்றார் மிஸ்டர் கூ,
மழையைப் பற்றிச் சொல்வதுபோல.

அன்றிலிருந்து தினமும்
பையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே,
ஒரு விரல் விண்டோஸ் பொத்தானில்
ஒரு விரல் அந்தப் பொத்தானில்.
சத்தம் கிடையாது. திரை ஒரு கணம் மங்கித் தெளியும்,
முன்பின் தெரியாத ஆள்
லிப்டில் கண்ணடித்ததுபோல.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டர்வொர்த் வீட்டில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாகத் திறந்து வெட்டுவேன்.
பாதியில் நிற்கிற மெயில் வேண்டாம்.
வாங்கலாமா என்று பார்த்துவைத்த செருப்பு வேண்டாம்.
கீழே ஓடும் பட்டை, மூலையில் கிடக்கும் குப்பை
எல்லாம் போகட்டும்.
கட்டம் மட்டும், எண் மட்டும்.
செதில் உரித்த மீன்மாதிரி
அறுபத்து இரண்டு படங்கள்.

தொழிலாளர் இலாகாவில் புவான் ரொஹானா
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, எல்லாவற்றையும் பார்த்தார்.
"எண் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்.
கடிகாரம் எங்கே?"
மூலையில்தான் இருந்தது.
நான்தான் வெட்டினேன்.
கோப்பின் தேதியைப் பார்த்தால்
எல்லாப் படமும் ஞாயிற்றுக்கிழமை எடுத்ததாம்.

என் சுத்தத்தின்மேல் எனக்கு வந்த கோபத்தை
எந்தப் படிவத்தில் எழுதுவது?

அறுபத்து மூன்றாவது மட்டும் வெட்டாமல் கிடந்தது.
ஃபெரிக்கு ஓடிய அவசரத்தில் எடுத்தது.
மெயில், செருப்பு, எல்லாம் இருந்தது.
மூலையில் மணி ஒன்பது நாற்பத்தேழு,
பக்கத்தில் மழை மேகம்,
அதற்கு மேலே எட்டிப் பார்த்த என் தம்பி லோகேந்திரன்:
*மீன் கொழம்ப பூன தின்னுருச்சு.
வரும்போது ரொட்டி வாங்கிட்டு வா.*

"இது என்ன எழுத்து? என்ன சொல்கிறது?"
அரசாங்க அலுவலகத்தில், எச்சில் விழுங்கி,
மலாயில் சொன்னேன்.
கூச்சிங் வந்தது, ஈக்கான் வந்தது.
குழம்புக்குத்தான் கொஞ்சம் தேடினேன்.
குலாய் என்று முடித்தேன்.
புவான் சிரிக்கவில்லை.
"ரொட்டி வாங்கினீர்களா?"
"கடை மூடியிருந்தது."
அதையும் எழுதிக்கொண்டார்.

பிரிண்டரில் பூனையும் செருப்பும் கறுப்பு வெள்ளையில் வந்தன.
கடிதம் வரும் என்றார். எப்போது என்று சொல்லவில்லை.
"இனிமேல் எதையும் வெட்டாதீர்கள்."

திரும்பும் ஃபெரியில் போனில் மறுபடி பார்த்தேன்.
அம்புக்குறியைச் சரியாக எண்ணின்மேல்தான் வைத்திருந்தேன்,
இதோ பார் என்று.
ஒரு படத்திலும் அது இல்லை.
"அம்பெல்லாம் அதுல விழாதுக்கா" என்றான் லோகு,
பூனையை மடியில் வைத்துக்கொண்டு.

வேறு என்னென்ன விழவில்லை?
திரைக் கண்ணாடியில் மிதந்த என் முகம்.
அந்த முகத்துக்குப் பின்னால், தினமும்,
ஒரு விளக்கு, அடுத்த விளக்கு என்று அணைத்துக்கொண்டே வந்து
என் மேசைக்கு முந்திய விளக்கில் நிறுத்திவிட்டு
"சிஸ்டர், இன்னும் எவ்வளவு நேரம்?" என்று
உடைந்த மலாயில் கேட்கும்
நேப்பாளக் காவலர்.

படிவத்தில் சாட்சி என்ற கட்டத்தைக்
காலியாக விட்டு வந்திருக்கிறேன்.
இத்தனை வருடத்தில் அவர் பெயரைக் கேட்டதில்லை.

நாளைக்குக் கேட்க வேண்டும்.