ஸ்டாண்ட்பை

என் தாளில் முதல் பகுதிக்கு ஒரே சொல்: டாசெட்.
இரண்டாவதற்கும் அதே.
மூன்றாவதற்கும்.
பேசாதே என்பதற்கு லத்தீன்.

விக்டோரியா அரங்கின் ஏசி
பித்தளையைக் குளிரவைத்துக்கொண்டே இருக்கிறது.
குளிர்ந்தால் சுருதி இறங்கும்.
ஓசைப்படாமல் உள்ளே ஊதுகிறேன்,
தேநீர் ஆற்றுவதற்கு நேர்மாறாக.

பக்கத்தில் பாஸ் டிராம்போன், கென்னத் ஒலிவேரோ.
பகலில் வரி அலுவலகம்.
போன வியாழன் ஒத்திகையில் அவர்தான் சொன்னார்:
முந்நூறு வருஷம் இது எடுபிடி வாத்தியம்.
தேவாலயத்தில் பாடுகிறவர்கள் குரல் தடுக்கினால்
தாங்கிப் பிடிக்க.
கோபுரத்தில் ஏறி ஊருக்கு நேரம் சொல்ல.
பிணத்துக்கு முன்னால் நடக்க.
"பறை மாதிரி" என்றேன். அவருக்குப் பறை தெரியாது.
நாடகத்தில் பாதாளம் திறந்தால் கூப்பிடுவார்களாம்,
சிலை வாய் திறந்தால் கூப்பிடுவார்களாம்.
சிம்ஃபனிக்கு மட்டும் கூப்பிடவில்லை.

ஆயிரத்து எண்ணூற்று எட்டு, டிசம்பர், வியன்னா.
அங்கும் குளிர், ஏசி இல்லாமலே.
மூன்று பேர் இதே போல் மடியில் வைத்துக்கொண்டு
மூன்று பகுதிகள் காத்திருந்தார்கள்.
"அதுதானே முதல் தடவை?"
"இல்லை. ஸ்வீடனில் ஒருத்தர், ஒரு வருஷம் முன்னாலேயே.
அவரை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?"
வரி அலுவலகக்காரருக்குத் தேதி தவறினால் தாங்காது.

நான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். ஈசூன், செம்பவாங்.
ஸ்லைடில் கோடு இல்லை, புள்ளி இல்லை.
ஏழு இடங்கள். ஏழும் கைக்குத்தான் தெரியும்.
அரை விரல் தள்ளி நின்றால் சுரம் புளித்துவிடும்.
லிஃப்ட் தளத்துக்கு அரை விரல் மேலே நின்றால்
சக்கர நாற்காலி தடுக்கும்,
மறுநாள் காலை என் பெயருக்குப் புகார் வரும்.
இங்கே புகார் எழுத ஆளில்லை.
ஸியூ யின் மட்டும் திரும்பிப் பார்ப்பாள்.

டிம்பனி அடங்கின குரலில் தட்டிக்கொண்டே இருக்கிறது.
இந்த இடத்தில் இடைவெளி கிடையாது.
ஸியூ யின் கருவியை உயர்த்துகிறாள்.
இருபத்து மூன்று நிமிஷம் சும்மா இருந்த உதடு.
உமிழ்நீர் எங்கே போனது?

பிறகு சி மேஜர்.

எங்களுக்கு முன்னாலிருந்த பஸூன்காரர்
தோளைக் குறுக்கிக்கொண்டார்.
சத்தம் என்று சொன்னால் தப்பு.
ஷாஃப்டின் பன்னிரண்டு கதவும்
ஒரே நேரத்தில் திறந்தாற்போல.

சிட்டி ஹாலில் ரயில் ஏறியதும் பால்துரை கேட்டான்,
இலவச டிக்கெட்டில் வந்தவன்:
"ஏண்ணே, முக்கால்வாசி நேரம் சும்மா உக்கார வச்சிட்டாங்களே,
சம்பளம் புடிப்பாங்களா?"
"சம்பளமே கிடையாதுடா."

பிரேடல் வரை யோசித்தான்.
"அப்ப ஸ்டாண்ட்பை."
"ஆமா."
ஸ்டாண்ட்பை ராத்திரி எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியும்,
ஃபோனைத் தலைமாட்டில் வைத்துத் தூங்காமல் கிடப்பது.
மேற்கொண்டு கேட்கவில்லை.

பெட்டியை முழங்கால்களுக்கு நடுவே இறுக்கிக்கொண்டேன்.
உள்ளே இன்னும் சூடு இருக்கும்.