புள்ளி

கூப்பிட்டீங்களாம், வந்தனுங்க டீச்சர்,
அரை ஷிப்ட் லீவு சொல்லிட்டு
பெருமாநல்லூர் பஸ்ஸுல நின்னுகிட்டே.
'பையன் வீட்ல எப்படி'ன்னு கேக்கறீங்க.
எந்தப் பையனைக் கேக்கறீங்க?

ஆறாவதுல ஒருத்தன் இருந்தான்.
ரேங்க் கார்டைக் கம்பெனி கேட்டுக்கே கொண்டாந்து
வாட்ச்மேனுக்குக் காட்டி
டீக்கடைக்காரருக்குக் காட்டி
கடைசியாத்தான் எனக்குக் காட்டுனான்.

ஏழாவதுல
ரோட்டைத் தாண்டறப்ப என்ற கையை உதறினான்.
அன்னைக்கு ராத்திரியே இடி இடிச்சதுங்க.
பாயை இழுத்துட்டு வந்து
என்ற முந்தானைக்குள்ள படுத்துகிட்டான்.
வளந்துட்டானா இல்லையான்னு
யாரைப் போய்க் கேக்க?

எட்டாவது வரைக்கும் எனக்கு அளவு தெரியும்.
அதுவரைக்கும் நானும் போனவதானுங்க.
அந்த முழுப்பரீட்சை லீவுல எங்கொப்பன்
சைக்கிள்ல உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போய்
'சித்தெ நேரந்தான் சாமி'ன்னு
கைமடிக்க விட்டுட்டு வந்தாரு.
அந்தச் சித்தெ நேரம் இன்னும் முடியலை.
காத்தால உள்ள போனவ
ராத்திரி பத்துக்கு வெளிய வந்தப்ப
பெரிய மனுசி.

எனக்கு ஒரே நாள்.
இவனுக்கு ஏழு வருசம் குடுத்திருக்கறீங்க.
பெத்தவ பொறாமைன்னு சொல்லலாமா?
கொஞ்சம் உண்டுங்க.

ஒம்பதாவதுல கதவைச் சாத்த ஆரம்பிச்சான்.
ஒத்தை ரூம் வீட்டுல ஏதுங்க கதவு,
பாத்ரூம் கதவுதான்.
அரை மணி நேரம் குழாய் ஓடும்.
குளிச்சானா அழுதானான்னு கேக்கலை.
அந்த வருசம் காலாண்டு கார்டு
எங்கிட்ட வரவே இல்லை.
தை மாசம் பையைத் துவைக்க எடுத்தப்ப இருந்தது.
கணக்குல பதினேழு.
கீழ என்ற கையெழுத்து, ரா. மரகதம்.
அச்சு அசலா இருந்ததுங்க,
கடைசி எழுத்துல மட்டும் ஒரு புள்ளி.
நான் புள்ளி வைக்கறதில்லை.
மறந்து மறந்து அதுவே பழகிப்போச்சு.

இருவது வருசமா செக்கிங் டேபிள்.
ஓட்டை, எண்ணெய்க்கறை, தையல் விட்டது
ஒண்ணும் தப்பாது என்ற கண்ணுக்கு.
தப்பு இருக்கற எடத்துல
செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டித் தள்ளணும்.
அதுதான் வேலை.
அன்னைக்குப் பையைத் துவைக்காமலே
திருப்பி ஆணியில மாட்டிட்டேன்.
ஏன்னு கேட்டாத் தெரியாதுங்க.
என்ற பேரை எத்தனை தடவை
எழுதி எழுதிப் பழகியிருப்பான்னு
அதுதான் மனசுல ஓடுச்சு.

பத்தாவது ஞாபகமே இல்லை.
வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல் வந்த மாதிரி
ஒரு வருசம் போச்சு.
பதினொண்ணுல கவருமெண்டு சைக்கிள் வந்ததும்
மொத வேலையா பெல்லைக் கழட்டுனான்.
என்ற கண்மை டப்பா கொறையுதேன்னு பாத்தா
மீசையில இருக்குது.

போன மாசம் குழுக் கடனுக்குப் பேங்குக்குப் போனோம்.
ஃபாரத்தை அவந்தான் நெரப்புனான்.
என்ற பொறந்த தேதி எனக்கே
ஆதாரைப் பாத்தாத்தான் தெரியும்,
அவன் பாக்காம எழுதறான்.
பேனாவைக் குடுத்தான்.
மேனேஜர் பாக்கறாரே, தப்பாயிரக் கூடாதுன்னு
ஒவ்வொரு எழுத்தா நிதானமா எழுதி
கடைசி எழுத்துக்கு மேல பேனாவைத் தூக்குனேன்.
மணிக்கட்டைப் புடிச்சுட்டானுங்க.
'புள்ளி வைக்காதம்மா.
உன்ற கையெழுத்துல புள்ளி கெடையாது.'

சொல்லிட்டு ஃபேனைப் பாத்தான்.
நான் கவுண்டர் கண்ணாடியைப் பாத்தேன்.
அவனுக்குக் காது மடல் செவந்து போச்சு.
எனக்கும் செவந்திருக்கும்.
வர்ற வழியில ரெண்டு பேரும்
மழை வருமா வராதான்னு பேசிட்டு வந்தோம்.

சரிங்க டீச்சர், மூணேகால் பஸ்ஸைப் புடிக்கணும்.
வீட்ல எப்படின்னு கேட்டீங்க.
நேத்து கொழம்புல காரம்னு
தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சுட்டான்.
அப்புறம் அவனே வந்து
ரெண்டு தட்டையும் கழுவி வச்சான்.

எங்கீங்க போடணும் கையெழுத்து?